எஃகுக்கு ஏன் இவ்வளவு குளிர்?

டிரில் பிட், பஞ்ச், டை போன்ற கருவிகளைச் சூடாக்கிக் கடினமாக்கிய பிறகு, மைனஸ் 190 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் ஒரு நாள் போல வைத்திருப்பது உண்டு. குளிரைத் தருவது திரவ நைட்ரஜன். விளம்பரங்களில் இதற்கு ஒரு மாயத்தன்மையே ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் இது செய்யும் முதல் வேலை, உலையில் தொடங்கிப் பாதியில் நின்றுபோன மாற்றத்தை முடித்துவைப்பதுதான்.

செக்கச்சிவக்கச் சூடான எஃகில் அணுக்கள் ஆஸ்டெனைட் என்ற அமைப்பில் அடுக்கிக்கொள்கின்றன. கார்பன் அதில் நன்றாகக் கரையும். சட்டெனக் குளிரவைத்தால் கார்பன் வெளியேற வழியின்றி மாட்டிக்கொள்ளும். அமைப்பு நெளிந்து மார்ட்டென்சைட்டாக மாறும். கடினம் வருவது இதனால்தான். இந்த மாற்றம் காத்திருப்பதால் முன்னேறாது, வெப்பநிலை இறங்க இறங்கத்தான் நடக்கும். கார்பனும் குரோமியம் போன்ற கலப்புகளும் அதிகமுள்ள எஃகில் அது முழுமையடையும் புள்ளி அறை வெப்பநிலைக்கும் கீழே போய்விடுகிறது. அதனால் மென்மையான ஆஸ்டெனைட் கொஞ்சம் உள்ளே தங்கிவிடும்.

தங்கியது சும்மா இருந்தால் பரவாயில்லை. பிற்பாடு அழுத்தத்திலோ வெப்பநிலை மாறும்போதோ அது மார்ட்டென்சைட்டாக மாறக்கூடும். மாறும் பகுதியின் கன அளவு சுமார் 4 சதவீதம் வீங்கும். மைக்ரான் கணக்கில் துல்லியம் வேண்டிய அளவுகோல் கட்டைகளுக்கும் பேரிங்குகளுக்கும் இது பெரிய தலைவலி.

சரி, இதற்கு மைனஸ் 80 போதாதா? தங்கிய ஆஸ்டெனைட்டை மாற்ற, பல எஃகுகளுக்குப் போதும். அதற்கும் கீழே நெடுநேரம் வைத்தால், பின்னால் வரும் டெம்பரிங்கில் (நொறுங்கும் தன்மையைக் குறைக்க மிதமாகத் திரும்பச் சூடாக்குவது) கார்பனும் உலோகமும் சேர்ந்த மிக நுண்ணிய கார்பைடு துகள்கள் பரவலாக உருவாகி, தேய்மானத்தைக் குறைக்கின்றன என்கிறார்கள். அது எப்படி நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

கருவியை அப்படியே திரவத்தில் முக்கினால் விரிசல் விழலாம். அதனால் நைட்ரஜன் வாயுவைக் கொண்டு மெல்ல இறக்கி, மெல்லவே ஏற்றுவார்கள். புதிதாகப் பிறந்த மார்ட்டென்சைட் நொறுங்கும் தன்மை கொண்டது. ஆகவே அப்புறம் டெம்பரிங் கட்டாயம். கடினமாக்கியதும் தாமதிக்காமல் குளிருக்குள் அனுப்புவதும் முக்கியம். அறை வெப்பநிலையில் கிடந்தால் ஆஸ்டெனைட் நிலைபெற்று, மாற மறுக்கும்.

கார்பன் குறைந்த சாதாரண எஃகில் இதற்குப் பெரிதாக வேலையில்லை. பொருத்தமான கருவி எஃகில் பலன் மேற்பூச்சு போல மேலோடு நிற்காது, உள்வரை இருக்கும். முனை மழுங்கித் திரும்பச் சாணை பிடித்தாலும் போகாது.