புது கிட் போட்ட என்ஜின் 300 மணி நேரத்தில் ஏன் மறுபடி புகைக்கிறது?

போன பங்குனியில் ஒரு பெரியவர் தன் மினி டிராக்டரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் பட்டறை வாசலில் இறக்கினார். மூன்று சிலிண்டர், 18 குதிரைத்திறன், வாங்கி 15 வருடம் ஆன வண்டி. கோபி பக்கம் மஞ்சள் காட்டை உழவும் தென்னந்தோப்பில் ரோட்டவேட்டர் அடிக்கவும் அவருக்கு அது ஒன்றுதான். "போன வருசந்தானுங்க தம்பி என்ஜின் வேலை பார்த்தேன். கிட் புதுசு, போர் புதுசு. இப்ப மறுபடியும் நீலப் புகை தள்ளுது, ஆயில் குடிக்குது" என்றார். கிட் என்றால் பிஸ்டனும் ரிங்கும் அடங்கிய செட், போர் என்றால் பிஸ்டன் ஏறி இறங்குகிற சிலிண்டர் துளை. மீட்டரைப் பார்த்தால், வேலை பார்த்த பிறகு ஓடியது 300 மணி நேரம்கூட இல்லை. நகையை அடகு வைத்துச் செய்த வேலை என்று அப்புறம்தான் சொன்னார்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் "கிட் டூப்ளிகேட்டாக இருந்திருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். இருக்கலாம், போலி உதிரி சந்தையில் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் முதலில் ஹெட்டில், அதாவது சிலிண்டரின் மேல் மூடியில், கை வைக்கவில்லை. ஏர் கிளீனரிலிருந்து என்ஜினுக்குள் காற்று நுழைகிற இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகிற ரப்பர் ஹோஸைக் கழற்றினேன். கிளாம்புக்கு அடியில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், நகம் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. ஹோஸின் உள்பக்கம் விரலை விட்டுத் தடவி, அதை அவர் உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினேன். முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி மெல்லிய செம்மண். கட்டை விரலால் தேய்த்தால் நறநறவென்றது. அவர் கொஞ்ச நேரம் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மண்ணில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கா, அதாவது மணல் துகள். அது சிலிண்டரின் வார்ப்பிரும்பைவிடக் கடினம். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் இருப்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனமுள்ள ஆயில் படலம்தான். மணல் துகள் அதற்குள் புகுந்துவிட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலைதான் நடக்கும், அதுவும் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் ஓடுகிற என்ஜினில்.

ஹெட்டை இறக்கினோம். போரின் மேல் பகுதியில் 0.18 மில்லி தேய்மானம், கீழே 0.03 மில்லி. மேல் ரிங் பாதி தேய்ந்திருந்தது, கீழே ஆயிலை வழிக்கிற ஆயில் ரிங் ஓரளவு நன்றாகவே இருந்தது. இதைக் கவனித்துப் பாருங்கள், இது என்ஜின் தானே எழுதி வைக்கும் வாக்குமூலம் மாதிரி. காற்று வழியாகத் தூசி வந்தால் முதலில் அடி வாங்குவது மேல் ரிங்கும் போரின் தலைப்பகுதியும். அழுக்கு ஆயில் வழியாகச் சுற்றியிருந்தால் பேரிங்கும் ஆயில் ரிங்கும் முதலில் போகும். அதனால்தான் பழைய பிஸ்டனையும் ரிங்கையும் பழைய இரும்புக் கடையில் போடுவதற்கு முன் மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். செத்ததற்குக் காரணம் அதில்தான் இருக்கிறது. காரணம் தெரியாமல் புது கிட்டைப் போடுவது, கூரை ஒழுகுகிற வீட்டில் தரையை மட்டும் துடைப்பது போல.

டிராக்டர் வைத்திருக்கிறவர்கள் ஏர் கிளீனரைத் தினம் ஐந்து நிமிடம் பார்த்தாலே போதும். கிண்ணத்து ஆயிலில் தூசியைப் பிடிக்கிற ஆயில் பாத் வகை என்றால் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் சேறு படிந்திருந்தால் கொட்டிக் கழுவி, குறி வரைக்கும் மட்டும் ஆயில் ஊற்ற வேண்டும். குறிக்கு மேல் ஊற்றினால் என்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சிக் குடித்து, டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். ஒரு தடவை என் கண்ணெதிரே நடந்தது. அந்த நேரத்தில் காற்று போகிற வாயை ஒரு பலகையால் அடைப்பது ஒன்றுதான் வழி. கையை வைத்துவிடாதீர்கள். பேப்பர் எலிமெண்ட் (காகித ஃபில்டர்) என்றால் கம்ப்ரசரில் முழு அழுத்தத்தில் அடித்து ஓட்டை போட்டுவிடாமல், உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக ஊதுங்கள். அப்புறம் இருட்டில் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். இரண்டு எலிமெண்ட் உள்ள வண்டியில் உள் எலிமெண்ட்டை ஊதிச் சுத்தம் செய்யவே கூடாது, புதிதுதான் போட வேண்டும்.

சரி, பெரியவரின் என்ஜினுக்கு வருவோம். ஏற்கனவே 0.50 மில்லி ஓவர்சைஸ், அதாவது துளையைப் பெரிதாக்கி அதற்கேற்ற பெரிய பிஸ்டன், போட்டிருந்ததால் இனி 0.75தான். போர் அடிக்க லேத் பட்டறைக்கு பிளாக்கை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது, புது பிஸ்டனையும் கையோடு கொடுக்க வேண்டும். பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதோடு கம்பெனி சொன்ன இடைவெளியைக் கூட்டித்தான் போரின் அளவை முடிவு செய்ய வேண்டும். பெட்டியில் 0.75 என்று அச்சடித்திருப்பதை நம்பி அடித்துவிட்டு, பிறகு பிஸ்டன் நெருங்கிப் பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன். கடைசி சில நூறில் ஒரு மில்லியை ஹோனிங்குக்கு, அதாவது கல்லால் தேய்த்து முடிக்கிற வேலைக்கு, விட்டுவைக்கச் சொல்லுங்கள். ஹோனிங் செய்தபின் சுவரில் சாய்சதுரமாகக் கோடுகள் தெரிய வேண்டும், அதில்தான் ஆயில் தங்கும்.

இங்கேதான் நிறையப் பட்டறைகளில் பெரிய தப்பு நடக்கிறது. ஹோனிங் கல்லின் பொடி அந்தக் கோடுகளுக்குள் ஒட்டியிருக்கும். டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றி பனியன் வேஸ்டால் துடைத்தால் அது போகாது, இன்னும் உள்ளே போய்ப் படியும். வெந்நீரும் சோப்புப் பொடியும் போட்டு நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். உலர்ந்ததும் உடனே ஆயில் தடவி, வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். அவர் என்ஜினில் நாலாவது கழுவலிலும் துணி சாம்பல் நிறத்தில்தான் வந்தது. ஆறாவதில்தான் துணி வெள்ளையாகவே வந்தது. இதைப் பக்கத்தில் நின்று பாருங்கள், பார்க்க விடாத பட்டறையில் என்ஜினை விடாதீர்கள்.

பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்கை கிரைண்டிங் செய்துவந்தாலும் இதே கதைதான். கிராங்கின் உள்ளே ஆயில் போகிற துளைகளில் பொடி அடைத்துக்கொண்டிருக்கும். பிளக்குகளைக் கழற்றி, நீளமான பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யாமல் போட்டால் முதல் ஸ்டார்ட்டிலேயே புது பேரிங்கைக் கீறிவிடும். கிராங்கைப் பிடித்திருக்கும் மூடிகளான மெயின் பேரிங் கேப்பும் ராடு கேப்பும் எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அப்படியே திரும்பப் போக வேண்டும். இடம் மாறினால் துளையின் வட்டம் போய்விடும். கழற்றும்போதே பஞ்ச் அடித்து அடையாளம் வைப்பது நல்லது.

டீசலைத் தெளிக்கிற நாசிலையும் அதற்கு டீசலைத் தள்ளுகிற பம்பையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாசிலை அழுத்தம் வைத்துச் சோதிக்காமல் போடாதீர்கள். பொடியாகத் தெளிக்காமல் சொட்டுகிற நாசில், சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், பிஸ்டன் தலையையும் சுட்டுவிடும். சோதிக்கும்போது தெளிப்புக்கு நேரே கை நீட்டவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தினது போலத்தான் தெரியும், ஆனால் அது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம். பம்பை மண் பறக்கிற இடத்தில் திறக்காமல், அதற்கென்று இருக்கும் பம்பு பட்டறைக்கு அனுப்பிவிடுவதுதான் சரி. பம்புக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஷிம் தகடு எத்தனை என்று எண்ணி எழுதிவையுங்கள், அதில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் டைமிங், அதாவது டீசல் தெளிக்கிற நேரம், மாறும்.

எல்லாம் மாட்டிய பிறகு நான் டீசலை விடாமல் முதலில் ஸ்டார்ட்டரை மட்டும் சுற்ற விடுவேன், ஆயில் விளக்கு அணைகிற வரைக்கும், விட்டுவிட்டு. பிறகுதான் டீசல்.

அப்புறம் ஒரு பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. புது என்ஜினை எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் சும்மா ஐடிலில் ஓட விடுவார்கள், பார்த்துப் பார்த்துச் செய்கிறோம் என்று நினைத்து. அது ரிங்கைக் கெடுக்கிற வேலை. ரிங்கை வெளியே தள்ளிச் சுவரோடு ஒட்டவைப்பது எரிகிற வாயுவின் அழுத்தம்தான். பாரமே இல்லாமல் ஓடினால் அந்த அழுத்தம் வராது, சுவர் கண்ணாடி போல மெருகேறிவிடும், பிறகு ரிங் ஒட்டவே ஒட்டாது, புது கிட்டும் ஆயில் குடிக்கும். சூடானதும் வண்டியை எடுத்து, பாதி லோடில் டிரெய்லர் இழுங்கள், இலேசான உழவு ஓட்டுங்கள், ஆர்பிஎம்மை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முதல் 50 மணி நேரத்துக்கு முழு பாரத்தில் நாள் முழுக்க ரோட்டவேட்டர் மட்டும் வேண்டாம்.

பெரியவர் அந்த 50 மணி நேரம் முடிந்ததும் சரியாக வந்தார். ஆயிலும் ஃபில்டரும் மாற்றினோம், வால்வைத் திறக்கிற டேப்பெட்டின் இடைவெளி பார்த்தோம். ஆயில் வடியும்போது கேனின் அடியில் காந்தத்தை வைத்துப் பார்த்தேன், புது ரிங் படிகிறபோது வருகிற மெல்லிய கருப்புப் பொடி மட்டும்தான் இருந்தது. நான் குனிந்து புது ஹோஸின் கிளாம்பைத் தொடப் போனேன். "அதெல்லாம் காத்தாலயே பார்த்துட்டேனுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, கிளாம்புக்கு இரண்டு பக்கமும் ரப்பரை அவரே மடக்கிக் காட்டினார்.