443-ல் போவது யார்?

ஏற்காட்டில் கோடை விழா சமயத்தில் ஒரு ஹோம்ஸ்டேயை எடுத்துக்கொள்வோம். நாலு அறைக்கும் ஒரே பைபர் லைன். ஓர் அறையில் ஒருவர் ஜூம் மீட்டிங்கில் இருக்கிறார், பக்கத்து அறையில் பிள்ளைகள் யூடியூப் பார்க்கிறார்கள். லேடிஸ் சீட் காட்சிமுனையில் எடுத்த படங்களை எல்லோருடைய போனும் சத்தமில்லாமல் கூகுள் போட்டோஸுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறது. மீட்டிங்கில் குரல் விட்டு விட்டுத்தான் வரும். மீட்டிங்கை முதலில் விடு, மற்றதெல்லாம் அப்புறம் என்று ரவுட்டருக்கு உத்தரவு போடலாம். சரி, எந்த பாக்கெட் (இணையத்தில் போகும் தரவின் சிறு துண்டு) மீட்டிங்குடையது என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஒரு காலத்தில் போர்ட் எண்ணை, அதாவது பாக்கெட் எந்தச் சேவைக்குப் போகிறது என்று காட்டும் எண்ணை, பார்த்தாலே போதும். மெயில் சர்வர்களுக்கு 25, இணையப் பக்கத்துக்கு 80, தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸுக்கு 53. இன்று வங்கி, யூடியூப், படம் ஏற்றுவது எல்லாமே பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கான 443-க்குள் போய்விட்டன. ஜூம் வீடியோவுக்கு யுடிபி என்ற அனுப்பும் முறையில் 8801 முதல் 8810 வரை தனி வழி உண்டு; அதை அடைத்தால் அதுவும் 443-க்கே வந்துவிடும். ஐபி முகவரியும் அவ்வளவாக உதவாது. பல தளங்களைத் தன் சர்வர்கள் வழியே தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் ஒரே முகவரிக்குப் பின்னால் எத்தனையோ தளங்கள் இருக்கும்.

அந்தக் காரணத்தாலேயே ஒரு தடயமும் கிடைக்கிறது. ஒரே முகவரியில் பல தளங்கள் இருப்பதால், யாருடைய சான்றிதழை (தளத்தின் டிஜிட்டல் அடையாளச் சான்று) காட்டுவது என்று சர்வருக்குத் தெரிய வேண்டும். ஆகவே பிரவுசர் தன் முதல் செய்தியிலேயே, மறையாக்கம் தொடங்கும் முன்பே, தளத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறது. யூடியூப் வீடியோ என்றால் அந்தப் பெயர் பெரும்பாலும் 'கூகுள்வீடியோ.காம்' என்று முடியும். நடுவில் போக்குவரத்தைச் சோதிக்கும் பயர்வால் அதைப் படித்துக்கொள்கிறது. 2021-ல் தரப்படுத்தப்பட்ட க்விக் என்ற புதிய இணைப்பு நெறிமுறையில் முதல் பாக்கெட்டும் பூட்டித்தான் வரும். ஆனால் பூட்டைத் திறக்கத் தேவையானவை அந்த பாக்கெட்டிலும் வெளியான விதிமுறையிலுமே இருப்பதால், நடுவில் இருப்பவரும் திறக்கலாம். பெயரையே மறைக்கும் இசிஎச் என்ற நுட்பம் பரவினால் இந்த வழியும் அடைபடும்.

மிச்சமிருப்பது நடத்தை. குரல் அழைப்பில் பொதுவாக 20 மில்லிசெகண்டுக்கு ஒரு சின்ன பாக்கெட், நொடிக்கு சுமார் 50, இரு திசையிலும். வீடியோ அப்படியல்ல: சில நொடிக்கானதை மொத்தமாக அள்ளும், சும்மா இருக்கும், மறுபடி அள்ளும். படம் ஏற்றும்போது 1,500 பைட் வரையிலான பெரிய பாக்கெட்டுகள் மேல்நோக்கி விடாமல் போகும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டாலும் இந்தத் தாளத்தை மறைப்பது கஷ்டம். என்டிபிஐ போன்ற இலவச மென்பொருள்கள் பெயர், போர்ட், நடத்தை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ஊகிக்கின்றன. ஊகம்தான், தவறவும் செய்யும்.

அதனால் ஹோம்ஸ்டே அளவுக்கு இந்தத் துப்பறிதல் தேவையே இல்லை என்பது என் கட்சி. குரல் உடைவதற்குக் காரணம் வரிசை. கொண்டை ஊசி வளைவில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிய பைக் மாதிரி, படங்களுக்குப் பின்னால் குரல் பாக்கெட் காத்துக்கிடக்கிறது. 2018-ல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியான எஃப்க்யூ-கோடல் என்ற வரிசை முறை ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை கொடுத்து, கொஞ்சமாக அனுப்புகிறவரை முன்னால் விடுகிறது. பெயர் கேட்பதில்லை. ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஓடும் ரவுட்டரில் இது கிடைக்கிறது. ஒரே நிபந்தனை: அப்லோடு வேகத்தை லைனின் உண்மையான வேகத்தைவிட 5 முதல் 10 சதவீதம் குறைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வரிசை நம் ரவுட்டரில் நிற்காமல் அதைத் தாண்டிய மோடத்தில் போய் நிற்கும். அங்கே நம் விதி எதுவும் செல்லாது.