பொம்மையும் பாவையும்

மனித உருவைச் சிறிதாக மண்ணிலோ மரத்திலோ துணியிலோ செய்து வைத்தால் அது பொம்மை. பிளாஸ்டிக் காரையும் யானையையும்கூட இன்று அப்படித்தான் சொல்கிறோம்.

சங்கப் பாடல்களிலும் திருக்குறளிலும் இந்தச் சொல் கிடையாது. தெலுங்கில் இது 'பொம்ம'. படத்துக்கும் அங்கே அதே பெயர்தான். கன்னடத்தில் 'பொம்பெ', 'கொம்பெ'. நமக்கு இது தெலுங்கு வழியாக வந்தது என்பதற்குப் 'பொம்மலாட்டம்' நல்ல சாட்சி. தமிழ் முறைப்படி பொம்மையும் ஆட்டமும் சேர்ந்தால் பொம்மையாட்டம் என்றல்லவா வரவேண்டும்? நடுவில் 'ல' எப்படி நுழைந்தது? தெலுங்கில் பொம்ம என்பதன் பன்மை 'பொம்மலு'. பொம்மைகளின் என்று சொல்ல 'பொம்மல' என்பார்கள். அந்தத் தெலுங்குப் பன்மைதான் நம் பொம்மலாட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. (சங்கப் பாடல்களில் 'பொம்மல் ஓதி' என்று வருவதைப் பார்த்து ஏமாறவேண்டாம். அது அடர்ந்த கூந்தல்.)

தமிழின் பழைய சொல் பாவை. பஞ்சாய்க் கோரையில் பாவை செய்து சிறுமியர் விளையாடினார்கள். கடற்கரை மணலில் செய்தது வண்டற்பாவை. கல்லாதவனின் அழகை வள்ளுவர் மண்ணால் புனைந்த பாவையோடு ஒப்பிடுகிறார் (குறள் 407). குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் வரும் 'ஆடிப்பாவை' கண்ணாடியில் தெரியும் உருவம். நாம் கையைத் தூக்கினால் அதுவும் தூக்கும்.

எனக்கு மிகப் பிடித்தது கண்ணின் பாவை. எதிரே நிற்பவரின் கருமணியை உற்றுப் பார்த்தால் நம் உருவமே அங்கே குட்டியாகத் தெரியும். அதனால்தான் அந்தப் பெயர். 1123ஆம் குறளில் காதலன் அந்தப் பாவையையே வெளியே போகச் சொல்கிறான்; காதலி இருக்க இடம் வேண்டுமாம்! லத்தீன்காரர்களும் கருமணிக்குச் 'சின்னப் பொம்மை' என்று பொருள்படும் 'புபில்லா' என்ற பெயரையே வைத்தார்கள்.

பிறகு பாவை பெண்ணுக்கு ஆகிவந்தது. திருப்பாவை, பாவை விளக்கு என்று செய்யுளிலும் கோயிலிலும் தங்கிவிட்டது. பதுமையோ விக்கிரமாதித்தன் சிம்மாசனத்தின் 32 படிகளை விட்டு இறங்குவதாக இல்லை. வீட்டுக்குள் புழங்குவது பொம்மைதான். கொலுப்படியில் இருப்பதைப் பாவை என்று மாற்றச் சொன்னால் குழந்தைகூடக் கேட்காது. கேட்கவும் வேண்டாம், பொம்மை நம் வீட்டுச் சொல்லாகி வெகுநாளாயிற்று.

கூத்து விஷயத்தில் மட்டும் என் கட்சி வேறு. தோலில் செய்து ஆட்டினால் தோல்பாவைக்கூத்து என்கிறோம். மரத்தில் செய்து நூல் கட்டி ஆட்டினால் மட்டும் ஏன் பொம்மலாட்டம்? மரப்பாவைக்கூத்து என்ற பெயரும் வழக்கில் இருக்கிறது. கயிற்றால் ஆட்டி உயிருள்ளதுபோல் மயக்கும் அந்த உருவத்துக்கு 1020ஆம் குறளில் வள்ளுவர் வைத்த பெயரும் மரப்பாவைதான்.