ரயிலுக்கு ஏது மானி?

"எச்.ஓ. மானி ரயில், நல்ல நிலையில், அட்டைப்பெட்டி இல்லை." மேசையில் ஓட்டும் சிறிய மாதிரி ரயில்களைக் கைமாற்றி விற்கிறவர்களின் தமிழ் விளம்பரங்களில் இந்த மானியைக் கண்டு கண்டு அலுத்துவிட்டது. மழையை அளப்பது மழைமானி, அமுக்கத்தை அளப்பது அமுக்கமானி. இந்த ரயில் எதை அளக்கிறதாம்? கந்தளாய்க்கும் தம்பலகாமத்துக்கும் இடையிலுள்ள தூரத்தையா?

ஆங்கிலத்துக் கேஜ் (gauge) என்பதைத்தான் இப்படி மானி ஆக்கியிருக்கிறார்கள். அந்தச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அளவு பார்க்கும் கோல் என்பது அதன் பழம்பொருள். பிறகு அளக்கும் கருவிக்கும் பெயரானது, மாறாமல் வைத்துக்கொள்ளும் அளவுக்கும் பெயரானது. ரயிலில் பேசப்படுவது பின்னது: இரு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரம். அகராதியில் முதலில் கண்ட பொருளை அள்ளிக்கொண்டு வந்தவர் கையில் மானி அகப்பட்டிருக்கிறது.

இதற்குப் புதுச்சொல் தேடி அலையத் தேவையில்லை. 1927இல் திருகோணமலைக்கு வந்த பாதை அகலப்பாதை, 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மி.மீ. களனிப் பள்ளத்தாக்கில் முன்பு ஓடியது குறுகிய பாதை. அகலம் என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. 'பாதை அகலம்' என்றால் முடிந்தது.

மானியைவிடக் கெடுதல் செய்வது 'அளவுகோல்'. ஸ்கேல் என்று கண்டதும் அளவுகோல் என்று எழுதிவிடுகிறார்கள். அது கொப்பிக்குக் கோடு போடும் அடிமட்டம். லத்தீனில் ஏணியைக் குறித்த சொல்லிலிருந்து வந்த ஸ்கேலுக்குப் பல பொருள் உண்டு. இங்கே வேண்டியது விகிதம்: மாதிரி அசலில் எத்தனையில் ஒரு பங்கு என்பது. நம் பிள்ளைகள் கணித பாடத்தில் 'அளவிடைப் படம்' வரைகிறார்கள். பாடப்புத்தகத்திலேயே இருக்கிற அளவிடையை விட்டுவிட்டு அடிமட்டத்தைத் தூக்கிக்கொண்டு திரிவானேன்?

இப்படி விற்கிற ஒருவரிடம் கேட்டேன். "ரெண்டும் அளவுதானே அண்ணை, சனத்துக்கு விளங்கும்" என்றார். விளங்காது. எச்.ஓ. என்ற வகை 1:87, ஓ.ஓ. என்ற வகை 1:76. இரண்டும் ஓடுவது ஒரே 16.5 மி.மீ. பாதையில். பிரித்தானிய இஞ்சின்கள் அசலிலேயே சிறியவை. அவற்றை 1:87இல் செய்தால் அந்தக்கால மோட்டார் உள்ளே அடங்காது. ஆகவே உடலைப் பெரிதாக்கினார்கள், தண்டவாளத்தை அப்படியே விட்டார்கள். பாதை அகலத்தை மட்டும் சொன்னால் ரயிலின் அளவிடை தெரியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

லண்டனிலிருந்து சூட்கேசில் வந்து, அட்டைப்பெட்டி தொலைந்து, கை மாறி நிற்கிற வண்டிகளில்தான் இந்தக் குழப்பம் காசைக் கரைக்கும். திருப்பிப் பிடித்தால் அடித்தட்டில் ஹோர்ன்பி, ட்ரை-ஆங், லீமா என்று செய்த கம்பனியின் பெயர் வார்த்திருக்கும். அதோடு நிறுத்தக்கூடாது. லீமா 1970களில் பிரித்தானிய வண்டிகளை முதலில் 1:87இல் செய்து, பிறகுதான் 1:76க்கு மாறியது. பிரித்தானிய ரயில்வேயின் 64 அடி 6 அங்குல மார்க் 1 வகைப் பயணிகள் பெட்டி 1:76இல் ஏறத்தாழ 258 மி.மீ., 1:87இல் 226 மி.மீ. பழைய ட்ரை-ஆங் பெட்டிகளில் நீளத்தைக் குறுக்கிச் செய்தவையும் உண்டு என்பதால் கதவின் உயரத்தையும் அளந்து பாருங்கள்.

சீனன்குடா ஸ்டேசனை மேசையில் அமைக்கிறவருக்குச் சிக்கல் இன்னும் கூடும். 1:76 பெட்டிக்குப் பக்கத்தில் 1:87 ஆட்களை நிறுத்தினால், 22 மி.மீ. இருக்கவேண்டிய ஆள் பத்தொன்பதேகாலில் நிற்பார். மேடை முழுக்க வேட்டி கட்டிய பள்ளிப் பிள்ளைகள். நம் அகலப்பாதைக்கு 1:76இல் 22 மி.மீ. வேண்டும். கடையில் கிடைக்கிற 16.5இல் ஓட்டினால் அசல் கணக்கில் 40 சென்ரிமீற்றருக்கு மேல் குறைகிறது. ஓட்டுங்கள், அது குற்றமில்லை. அதற்கு 'அகலப்பாதை மாதிரி' என்று பெயர் வைக்காதீர்கள்.

நான் தனித்தமிழ் வெறியன் அல்லன். புகை போய் டீசல் வந்து எத்தனையோ காலமாகியும் பலகையில் புகையிரதம் என்றே இருக்கிறது, வாயில் கோச்சி என்றே வருகிறது. இரண்டும் யாரையும் ஏமாற்றவில்லை. கேஜ் என்றே எழுதினாலும் சண்டைக்கு வரமாட்டேன். தமிழ் வேடம் போட்டுக்கொண்டு பொருளை மாற்றிவிடுகிற சொல்லோடுதான் என் வழக்கு. மொழிபெயர்க்கிறவர் ஒருதரம் குனிந்து தண்டவாளத்தைப் பார்த்திருந்தால் மானி பிறந்திருக்காது.

விளம்பரத்தில் "அளவிடை 1:76, பாதை அகலம் 16.5 மி.மீ." என்று போடுங்கள். கொக்கி எந்த வகை என்பதையும் சேர்த்தால், வாங்குகிறவர் ஃபோன் எடுத்துக் கேட்கிற வேலை மிச்சம்.