பின் டயர் வாங்குமுன் இடைவெளியை அளந்து பாருங்கள்

என் கராஜ் கொழும்பு தெமட்டகொடையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில், காட்டுப்பாதையில் ஓட்டும் ட்ரெயில் பைக்காரர்கள் வரத் தொடங்குவார்கள். சனி விடியுமுன் மீமுரேக்கோ ரிவர்ஸ்டனுக்கோ, ஒஹியவிலிருந்து இறங்கும் டெவில்ஸ் ஸ்டேர்கேஸுக்கோ கிளம்புகிற கூட்டம் அது. பலரின் தோளில் பஞ்சிகாவத்தையில் வாங்கிய புதுப் பின் டயர் ஒன்று தொங்கும். "அண்ணே, இத மட்டும் மாட்டித் தாங்க" என்பார்கள். டயரைத் திருப்பி அளவைப் பார்த்ததும் எனக்குச் சங்கடமாகிவிடும். காசு கொடுத்தாயிற்று, பில்லும் கிழிந்தாயிற்று. இனி நான் என்ன சொன்னாலும் தொழிலைத் தட்டிக்கழிக்கிறேன் என்றுதான் நினைப்பார்கள்.

அப்படி ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு மாட்டிக் கொடுத்தேன். வெள்ளவத்தைத் தம்பி ஒருவர். யமஹா செரோ 250 வைத்திருந்தார். அந்த பைக்குக்குக் கம்பனி கொடுத்த பின் டயர் 120/80-18. அவர் கொண்டுவந்தது 140/80-18. "பின்னுக்கு இருந்து பாத்தா பெரிய பைக் மாதிரி இருக்கும் அண்ணே" என்றார். மாட்டினேன். ஸ்டாண்டில் ஏற்றிச் சுற்றிப் பார்த்தேன். எங்கும் உரசவில்லை. அப்புறம் பழைய செயின் நீண்டு தொங்குகிறதே என்று அதையும் அன்றே மாற்றினேன். பிழை நடந்தது அங்கேதான். தேய்ந்த செயினில் சக்கரம், அதைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்மின் பின்கோடியில் நிற்கும். புதுச் செயின் போட்டால் அரை அங்குலம் அளவுக்கு முன்னுக்கு வந்துவிடும். டயரின் முன்பக்கத்துக்கும் ஸ்விங் ஆர்மின் குறுக்குச் சட்டத்துக்கும் இடையில் இருந்த வெளி அதோடு போயிற்று. நான் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

மலைச்சரிவில் ஈரக் களிமண் அந்த இடுக்கில் அப்பிக் காய்ந்து, சக்கரம் இறுகி நின்றிருக்கிறது. தம்பி விழுந்தார். மணிக்கட்டு வீங்கியதோடு தப்பினார். திங்கட்கிழமை பைக்கை லொறியில் கொண்டுவந்தபோது டயரின் இடப்பக்கத்தில் துருத்தி நிற்கும் றப்பர்க் கட்டைகளைச் செயின் கத்தி போல் சீவியிருந்தது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. குறை என்னுடையதுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். டயரின் பக்கவாட்டில் 120/80-18 என்று இருந்தால் முதல் எண் அகலம், மில்லிமீற்றரில். மூன்றாவது எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இவை இரண்டும் எல்லோருக்கும் தெரியும். நடுவில் இருக்கும் 80ஐத்தான் யாரும் கவனிப்பதில்லை. டயரின் உயரம் அகலத்தில் 80 வீதம் என்பது அதன் பொருள். அதாவது ரிம்முக்கு மேலே 96 மில்லிமீற்றர் றப்பர். இதையே 120/90 ஆக்கினால் 108 மில்லிமீற்றர். அகலம் அதேதான், சக்கரம் மட்டும் உயர்ந்துவிடுகிறது. 140/80 என்றால் 112.

இந்தக் கணக்கு எதற்கு? 120/80-18இன் முழு விட்டம் ஏறத்தாழ 649 மில்லிமீற்றர். 140/80-18க்கு 681. சுற்றளவு கிட்டத்தட்ட 5 வீதம் கூடுகிறது. செரோவின் பின் ஸ்ப்ரொக்கெட்டில், அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தில், 48 பல். பல் குறைந்தால் இழுவை குறையும். டயரை மட்டும் மாற்றி அதை 46 பல் ஆக்கியதற்குச் சமமான வேலையைச் செய்துவிடுகிறீர்கள். கொழும்பு வீதியில் இது தெரியாது. கல்லும் வேரும் நிறைந்த ஏற்றத்தில் முதல் கியரில் எஞ்சின் மூச்சுத் திணறும்போது தெரியும். 20 குதிரைவலு அளவில் இருக்கிற பைக் அது. டயர் பாரமும் கூடிவிட்டது. ஓட்டுபவர் கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து ஏற்றுவார். பிறகு கிளட்ச் பிளேட் எரிந்துவிட்டது என்று என்னிடமே வருவார். இன்னொன்றும் உண்டு. பின்புறம் 16 மில்லிமீற்றர் உயர்கிறது. கட்டையானவர்களுக்குக் கால் எட்டாது. முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கின் சாய்வு குறைந்து கைப்பிடியும் சற்றுப் பதற்றமாகும்.

அகலத்தால் பிடி கூடும் என்ற நம்பிக்கைதான் இதற்கெல்லாம் மூலம். மணலில் அது ஓரளவு உண்மை. மன்னார்ப் பக்கம் கடற்கரை மணலில் அகலமான டயர் புதையாமல் மிதக்கும். நம்முடைய மலைநாட்டுச் சேறு வேறு. மேலே நாலு விரற்கடை வழுக்கல், கீழே கெட்டித்தரை. ஒடுங்கிய டயர் அந்த வழுக்கலை அறுத்துக்கொண்டு தரையைத் தொடும். அகலமானது வழுக்கலின் மேலேயே சறுக்கும். அவிசாவளைப் பக்கத்து றப்பர் தோட்டப் பாதைகளில் மழைக்குப் பிறகு ஓட்டியவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரிம்மின் அகலத்தையும் பார்க்க வேண்டும். 250 சிசி ட்ரெயில் பைக்குகளில் பெரும்பாலும் 2.15 அங்குலப் பின் ரிம்தான் வரும். 110, 120 அதில் அழகாக உட்காரும். 140ஐ அதில் திணித்தால் ரிம் டயரின் இரு ஓரத்தையும் உள்ளுக்கு இழுத்து, நடுவை முட்டை மாதிரி உருண்டையாக்கிவிடும். ஓரத்துக் கட்டைகள் தரையைத் தொடாது. அதிக அகலத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, அந்த அகலத்தை ஆகாயத்தில் தூக்கி வைத்துக்கொண்டு ஓடுவது இதுதான். 140க்கு இன்னும் அகலமான ரிம் நல்லது, அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் இடைவெளியும் வேண்டும். அது பெரிய பைக்குகளின் சங்கதி.

எனக்குத் தொழில் பழக்கிய நானா டயர் வாங்கப் போகும்போது அகலம் அளக்கும் கலிப்பரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். அப்போது சிரிப்பேன். 120 என்று எழுதிய இரண்டு வெவ்வேறு கம்பனி டயர்களை ரிம்மில் ஏற்றிக் காற்றடித்து அளந்தபோது 7 மில்லிமீற்றர் வித்தியாசம் கண்டேன். அதற்குப் பிறகு நானும் கலிப்பர் இல்லாமல் போவதில்லை. எழுதியிருப்பது டயரின் பெயர், அவ்வளவுதான். கட்டைகள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் டயரில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது ஜப்பானிலிருந்து வந்திருந்த பழைய பைக்குகளையே எல்லோரும் போற்றிக் காப்பாற்றினார்கள். அவற்றில் பலவற்றுக்கு டயர் அளவு அங்குலத்தில்தான் இருக்கும். எக்ஸ்ஆர் 250 பஜா, கேஎல்எக்ஸ் 250 போன்றவற்றுக்கு 4.60-18. கடையில் அந்த எண் இல்லாவிட்டால் பதற வேண்டாம், 120/80-18 அதற்கு நெருங்கியது. முந்திய எக்ஸ்எல்ஆர் பஜாவுக்கு 4.60-17. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம்தான். கடைக்காரரிடம் "பஜாவுக்கு டயர் தாங்க" என்று மட்டும் சொன்னால் பிழையானது கையில் வரும். டிடபிள்யூ 200 வைத்திருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அதன் பின் டயர் 180/80-14, பார்க்க டிராக்டர் டயர் போல. கிடைத்த இடத்தில் இரண்டாக வாங்கி வையுங்கள் என்பதுதான் என் ஒரே ஆலோசனை. ஹிமாலயன் 411க்கு 120/90-17, எக்ஸ்பல்ஸ் 200க்கு 120/80-18. எதுவானாலும் ஸ்விங் ஆர்மில் ஒட்டிய, டயர் அளவு எழுதிய ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

18ஐக் கழற்றிவிட்டு 19 அங்குல ரிம் போடலாமா என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லில் ஓடும் மோட்டோகிரொஸ் பைக்குகளில் பார்த்த ஆசை. 110/100-18ஐயும் 110/90-19ஐயும் பக்கத்தில் வைத்தால் உயரம் 3 மில்லிமீற்றர்தான் வேறுபடும். அப்படியானால் கூடிய அந்த ஒரு அங்குலம் எங்கிருந்து வந்தது? டயரின் பக்கச்சுவரிலிருந்து வெட்டி எடுத்தது. சுவர் குட்டையானால் டயர் குறைவாக நெளியும். தாவி இறங்கும் ரேஸ்காரருக்கு அது வேண்டும். கல்லில் மோதி ஏறும் நமக்கு நெளியும் சுவர்தான் ரிம்மையும் டியூப்பையும் காப்பாற்றுகிறது. 18ஐ விடாதீர்கள். அதோடு, அந்த ரேஸ் டயர்கள் சிலவற்றில் என்எச்எஸ் என்று மூன்று ஆங்கில எழுத்து இருக்கும். பொது வீதிக்கு உரியதல்ல என்பது அதன் பொருள். மீமுரேக்குப் போகவும் கண்டி வீதியில்தானே போக வேண்டும்.

அளவுக்குப் பின்னால் 62P என்பது போல ஒன்று இருக்கும். 62 என்றால் அந்த டயர் தாங்கும் பாரம் 265 கிலோ, P என்றால் மணிக்கு 150 கிலோமீற்றர் வரை. பழைய டயரில் இருந்ததற்குக் குறையாமல் வாங்குங்கள். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. தயாரித்த திகதியைப் பாருங்கள். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மலிவாகக் கிடைக்கும் டயரில் முதலில் இதைத்தான் தேடுவேன். கட்டை புதிதாக இருந்தாலும் நகத்தால் அழுத்தினால் கல் மாதிரி இருக்கும் டயர் ஈரக் கல்லில் நிற்காது.

இனி, வாங்குமுன் செய்ய வேண்டியது. சக்கரத்தை ஸ்விங் ஆர்மில் எவ்வளவு முன்னுக்குத் தள்ள முடியுமோ அங்கே நிறுத்தி, நான்கு இடம் பாருங்கள்: டயரின் முன்பக்கம், செயின் பக்கம், அதற்கு எதிர்ப்பக்கம், மேலே மட்கார்ட். பழைய டயரிலேயே ஒரு சுண்டுவிரல் தாராளமாக நுழையாவிட்டால் பெரிய அளவை மறந்துவிடுங்கள். சேறு தங்கவும் இடம் வேண்டும், வேகத்தில் டயர் சற்று விரியவும் இடம் வேண்டும். 120/80ஐ 120/90 ஆக்குவது வரை நான் சம்மதிப்பேன், இடம் இருந்தால். கல்பாதையில் அந்த 12 மில்லிமீற்றர் உயரம் உதவுகிறது. அதற்கு மேல் என்றால் டயரைத் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவேன்.

காற்று பற்றி இரண்டு வார்த்தை. டியூப் உள்ள டயரில் காட்டுப்பாதைக்கு 14, 15 பிஎஸ்ஐ போதும். 12க்குக் கீழே போனால் கல்லில் அடிபட்டு டியூப்பில் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லொக் இல்லாவிட்டால் டயர் ரிம்மில் வழுக்கி வால்வையே பிடுங்கிவிடும். திரும்பி வரும்போது தார் ரோட்டில் ஏறுமுன் காற்றை ஏற்றிக்கொள்ளுங்கள். சின்னப் பம்ப் ஒன்று பையில் இல்லாமல் யாரும் கிளம்பக் கூடாது. பலர் கிளம்புகிறார்கள்.

வெள்ளவத்தைத் தம்பி இப்போது 120/90-18 ஓட்டுகிறார். போன மாதம் செயின் மாற்ற வந்தபோது நான் சொல்லுமுன்பே குனிந்து டயருக்கு முன்னால் விரலை விட்டுப் பார்த்தார். அந்த 140 இன்னும் என் கராஜ் சுவரில் தொங்குகிறது, சீவிய கட்டைகளோடு. மாதத்துக்கு ஒருவராவது அதைப் பார்த்துவிட்டு "இது விக்கிறதா அண்ணே?" என்று கேட்கிறார்கள்.