மூக்கில் தொடங்கும் காது நோய்

ஆஸ்திரேலியாவின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் உள்ள 29 பூர்வகுடிக் கிராமங்களில், ஆறு மாதம் முதல் இரண்டரை வயது வரையுள்ள 709 குழந்தைகளின் காதுகளை ஒரு மருத்துவக் குழு பரிசோதித்தது. ஆய்வு முடிவு 2005-ல் வெளியானது. 91 சதவீதக் குழந்தைகளுக்கு ஏதோ ஒரு வகை நடுச்செவி நோய் இருந்தது. இரண்டு காதுகளும் நன்றாக இருந்த குழந்தைகள் பத்துக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. 15 சதவீதம் பேருக்குச் செவிப்பறை ஓட்டையாகி, நாள்பட்ட சீழ் வடிந்துகொண்டிருந்தது. இப்படிச் சீழ் வடியும் குழந்தைகள் ஒரு சமூகத்தில் 4 சதவீதத்தைத் தாண்டினாலே அது உடனடியாகக் கவனிக்க வேண்டிய பெரிய பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வரம்பைத் தாண்டியவர்களின் பட்டியலில் இந்தியாவையும் அது சேர்த்திருக்கிறது என்பதால், இது எங்கோ நடக்கும் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் ஆஸ்திரேலியா பணக்கார நாடு. அங்கே குழந்தைகளுக்குத் தடுப்பூசி இலவசம், ஆன்டிபயாடிக் மருந்துக்குப் பஞ்சமில்லை. அப்படியிருந்தும் ஏன் இந்த நிலை? டார்வின் நகரில் இருக்கும் மென்சீஸ் ஆய்வு நிறுவனத்தில் அமாண்டா லீச், பீட்டர் மோரிஸ் போன்றவர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்வியோடுதான் போராடி வருகிறார்கள். அவர்கள் கண்டுபிடித்ததைப் புரிந்துகொள்ளக் காதை விட்டுவிட்டு மூக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிரம்பிய ஒரு சின்ன அறை இருக்கிறது. அதுதான் நடுச்செவி. செவிப்பறையின் அதிர்வை உள்செவிக்குக் கொண்டுபோகும் மூன்று குட்டி எலும்புகள் அதற்குள் இருக்கின்றன. இந்த அறையிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. பெயர் ஊஸ்டேக்கியன் குழாய். விமானம் இறங்கும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் 'டப்' என்று விடுபடுகிறதே, அது இந்தக் குழாய் திறக்கும் சத்தம். வெளியே இருக்கும் காற்றழுத்தத்தையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தையும் சமமாக வைப்பதும், உள்ளே சுரக்கும் ஈரத்தைத் தொண்டைப் பக்கம் வடியவிடுவதும் இதன் வேலை. பெரியவர்களுக்கு இந்தக் குழாய் நீளமாக, சரிவாக இருக்கும். கைக்குழந்தைக்கோ குட்டையாகவும் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டிலும் இருக்கும். மூக்குச் சளியில் இருக்கும் கிருமி காதுக்குள் நுழைய அது மிகச் சுலபமான வழி.

அந்தச் சளியில் முக்கியமாக மூன்று பாக்டீரியாக்கள்: நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே, மொராக்செல்லா. உலகத்தில் எல்லாக் குழந்தைகளின் மூக்கிலும் இவை வந்து போகும். எப்போது வருகின்றன, எவ்வளவு வருகின்றன என்பதில்தான் வித்தியாசம். லீச் குழுவினர் 1994-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பூர்வகுடிக் கிராமத்தில் பிறந்த குழந்தைகளையும் டார்வின் நகரத்துப் பிற குழந்தைகளையும் பிறந்ததிலிருந்தே கவனித்து, மூக்கிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். கிராமத்துக் குழந்தைகளின் மூக்கில் இந்தக் கிருமிகள் பிறந்த சில வாரங்களிலேயே குடியேறிவிட்டன. மூன்று மாதத்துக்குள் நடுச்செவியில் நோய் தொடங்கி, முதல் ஆண்டு முழுக்க நீடித்தது. நகரத்துக் குழந்தைகளிடம் கிருமி மெதுவாக வந்தது. காது நோய் வந்தாலும் கொஞ்ச நாளில் போய்விட்டது.

மூன்று மாதம் என்பது மிகச் சின்ன அவகாசம். குழந்தையின் நோயெதிர்ப்பு அமைப்பு இந்தக் கிருமிகளை இன்னும் பழகியிருக்காது. இரண்டாம் மாதத்துத் தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும் முன்பே கிருமி உள்ளே உட்கார்ந்துவிடுகிறது. அதுவும் ஒரே வகையில்லை. பல வகைகள் ஒரே சமயத்தில் இருக்கும். ஒன்று போனால் அடுத்தது வரும். இந்தத் துறையில் இதுவரை நடந்த சிகிச்சை முயற்சிகளில் எது வென்றது, எது ஏன் பாதியில் நின்றது என்று பார்க்க இந்த மூன்று மாதக் கணக்கைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

காதுக்குள் போன கிருமி சும்மா இருப்பதில்லை. நடுச்செவியின் சவ்வில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி வழவழப்பான ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. கழுவாத தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் கை வைத்தால் வழுக்குமே, அது மாதிரியான படலம். பயோஃபிலிம் என்பார்கள். இரத்தத்தில் வரும் ஆன்டிபயாடிக் அதற்குள் சரியாக ஊடுருவாது. மருந்து கொடுக்கும்போது மேலே திரியும் கிருமிகள் செத்துப்போகும், காது தேறியது போலிருக்கும், மருந்தை நிறுத்தியதும் படலத்திலிருந்து மறுபடி கிளம்பும்.

இதில் இன்னொரு சிக்கல், நோய் சத்தமில்லாமல் வருவது. காதுவலி என்றால் குழந்தை வீறிட்டு அழும், காய்ச்சல் அடிக்கும், காதைப் பிடித்து இழுக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். இந்தக் கிராமங்களில் செவிப்பறை சிவந்து புடைத்திருக்கும் குழந்தைகளில் பலர் சிரித்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அழற்சி பிறந்ததிலிருந்தே இருப்பதால் தாய்க்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. "ஏன் முன்னாடியே கூட்டிவரவில்லை?" என்று அந்தத் தாயைக் கேட்பது அநியாயம். செவிப்பறையை உள்ளே போய்ப் பார்க்காமல் இந்த நோயைக் கண்டுபிடிக்கவே முடியாது. சும்மா பார்த்தாலும் போதாது. சின்ன ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடித்து, செவிப்பறை அசைகிறதா என்று பார்க்க வேண்டும். பின்னால் நீர் கோத்திருந்தால் அது அசையாது.

அழுத்தம் கூடிக்கொண்டே போய் ஒருநாள் செவிப்பறை கிழிகிறது. அதன்பின் வெளிப்பக்கத்திலிருந்தும் கிருமிகள் நுழையும்: சூடோமோனாஸ், ஸ்டஃபிலோகாக்கஸ். ஓட்டை வழியாகச் சீழ் வடிவதும், சீழின் ஈரத்தில் ஓட்டை மூடாமல் இருப்பதும் மாறி மாறி நடந்து, வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும்.

சரி, இதனால் கேட்பதில் எவ்வளவு இழப்பு? நடுச்செவியில் நீர் நின்றாலே 20, 30 டெசிபெல் குறையும். ஓட்டை விழுந்தால் இன்னும் கூடலாம். முழுச் செவிட்டுத்தனம் கிடையாது. குரல் கேட்கும், ஆனால் ச, ஸ, த, ஃப மாதிரி மெல்லிய மெய்யொலிகள் கரைந்துவிடும். மூளை மொழியைப் பிரித்தறியக் கற்கும் முதல் இரண்டு வருடம் முழுக்கக் குழந்தை பேச்சை அரைகுறையாகத்தான் கேட்கிறது. பள்ளிக்குப் போனால் வகுப்பறை இரைச்சல். பாடம் நடப்பதோ பல குழந்தைகளுக்கு வீட்டில் பேசாத ஆங்கிலத்தில். கேட்காததால் பதில் சொல்லாத குழந்தைக்கு 'அடங்காதவன்' என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. நார்தர்ன் டெரிட்டரி எனும் வடக்கு மண்டலத்துச் சிறைகளில் பூர்வகுடிக் கைதிகளின் செவித்திறனைப் பரிசோதித்தபோது, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கேட்கும் திறனில் குறை இருந்தது. காது நோய்தான் அவர்களைச் சிறைக்கு அனுப்பியது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் காவலரும் நீதிபதியும் கேட்ட கேள்விகளில் எத்தனை அவர்கள் காதில் விழுந்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் ஆறவில்லை.

இனி சிகிச்சைக்கு வருவோம். முதல் வழி, ஆன்டிபயாடிக். வேறு இடங்களில் ஒரு வாரம் அமாக்சிசிலின் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சரியாகிவிடும். இங்கே ஒரு வாரம் அமாக்சிசிலினையும் ஒரே ஒரு வேளை அசித்ரோமைசினையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வில், இரண்டு பக்கமும் ஏறக்குறையப் பாதிக் குழந்தைகளுக்குக் குணமாகவில்லை. அதனால் வேறொன்றைச் சோதித்தார்கள்: நடுச்செவியில் நீர் கோத்த சுமார் நூறு கைக்குழந்தைகளில் ஒரு பாதிக்கு 24 வாரம் வரை தொடர்ந்து அமாக்சிசிலின், மறுபாதிக்கு ஒப்பிடுவதற்காக மருந்துச் சரக்கே இல்லாத போலி மருந்து. மருந்து எடுத்த குழந்தைகளில் அதிகம் பேருக்குக் காது தேறியது, செவிப்பறை கிழிவதும் குறைந்தது. ஆனால் கைக்குழந்தைக்கு ஆறு மாதம் தினமும் மருந்து கொடுப்பது எந்த வீட்டிலும் எளிதான காரியமில்லை. மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகும் ஆபத்தும் கூடவே இருக்கிறது.

சீழ் வடியும் காதுக்கு மாத்திரையைவிடக் காதைச் சுத்தமாகத் துடைத்து உலரவைப்பதுதான் முதல் வேலை. இதற்கு அங்கே டிஷ்யூ காகிதத்தைப் பயன்படுத்துகிறார்கள். மெல்லிய டிஷ்யூத் துண்டை ஒரு முனையிலிருந்து முறுக்கி, நுனி கூராக, தண்டு சற்றுத் தடியாக ஈட்டி மாதிரி திரித்துக்கொள்வார்கள். அதைக் காதுத் துளைக்குள் மெதுவாகச் செருகி, கொஞ்ச நேரம் அப்படியே விட்டால் சீழை உறிஞ்சிக்கொண்டு வரும். நனைந்ததை எடுத்துவிட்டு அடுத்ததைச் செருக வேண்டும். திரி காய்ந்த நிலையில் வெளியே வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்து, அதன் பிறகே சொட்டு மருந்து. சீழ் நிரம்பிய காதில் மருந்தை விட்டால் அது கிருமியைத் தொடாமலே வழிந்துபோகும். பஞ்சு சுற்றிய குச்சி ஆழமாகப் போய் எதையாவது குத்திவிடலாம். டிஷ்யூத் திரி தளர்வானது என்பதால் அந்தப் பயமில்லை.

இதில் எந்தச் சொட்டு மருந்து நல்லது என்று கண்டறிய நடந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பூர்வகுடி மக்களே நிர்வகிக்கும் எட்டு மருத்துவ நிலையங்களில் அது நடந்தது. முடிவு 2003-ல் வெளியானது. காதைக் கழுவிவிட்டு, பாதிப் பேருக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டும் மீதிப் பேருக்கு அதுவரை புழக்கத்தில் இருந்த ஃப்ரமைசெட்டின் கலந்த சொட்டும் கொடுத்தார்கள். ஆய்வை முடித்த 111 குழந்தைகளில், சிப்ரோஃப்ளாக்சசின் எடுத்தவர்களில் 76 சதவீதம் பேருக்குச் சீழ் நின்றது. பழைய மருந்தில் 52 சதவீதம். பழைய மருந்து சேர்ந்த மருந்து வகைக்கு உள்செவியைப் பாதிக்கக்கூடிய தன்மையும் உண்டு என்பதால், ஓட்டை விழுந்த காதில் அதை விடுவது பற்றி ஏற்கெனவே கவலை இருந்தது. அப்புறம் இன்னொரு குழு, ஏற்கெனவே சிகிச்சை எடுத்தும் தேறாத 97 குழந்தைகளிடம் இதே இரண்டு மருந்துகளையும் ஒப்பிட்டது. அங்கே இரண்டிலுமே சுமார் 70 சதவீதம் பேருக்குச் சீழ் நிற்கவில்லை. அதே மருந்துதான். ஆனால் வருடக்கணக்கில் முற்றிப்போன காதில் அது தோற்றது.

தடுப்பூசியின் கதையும் இதே திசையில்தான் போகிறது. நிமோகாக்கஸில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. 2001-ல் பூர்வகுடிக் குழந்தைகளுக்கு வந்த தடுப்பூசி ஏழு வகைகளைத் தடுத்தது. பிறகு பத்து வகை, பதின்மூன்று வகை என்று விரிந்தது. பத்து வகைத் தடுப்பூசியில் ஹீமோஃபிலஸின் ஒரு புரதமும் சேர்ந்திருந்ததால், இரண்டு கிருமிகளுக்கும் ஒரே ஊசி என்று நம்பிக்கை பிறந்தது. உயிரைப் பறிக்கும் மூளைக்காய்ச்சலையும் இரத்தத் தொற்றையும் இந்த ஊசிகள் நன்றாகத் தடுக்கின்றன. அந்த ஒரு காரணத்துக்காகவே அவை அவசியம். சீழ் வடியும் காதுகளும் ஓரளவு குறைந்தன. ஆனால் ஏதோ ஒரு வகைக் காது நோய் உள்ள குழந்தைகளின் விகிதம் 90 சதவீதத்தை ஒட்டியே நின்றது. ஒரு வகையைத் தடுத்தால் அந்த இடத்துக்கு வேறு வகை வந்துவிடுகிறது. முதல் ஊசியை ஒரு மாதத்திலேயே போட்டு, பத்து வகையையும் பதின்மூன்று வகையையும் கலந்து கொடுத்தும் பார்த்தார்கள். எதிர்ப்புப் பொருள் நன்றாக உருவானது, காது நோயில் பெரிய மாற்றமில்லை.

நீச்சல் குளம் பற்றிய ஆராய்ச்சி பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். காதில் ஓட்டை இருந்தால் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது பழைய அறிவுரை. 2000-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜிகலாங், பரிங்குரா என்ற இரண்டு பாலைவனக் கிராமங்களில் குளோரின் கலந்த குளங்களைத் திறந்தார்கள். ஒன்றரை வருடத்தில் தோல் புண்கள் வெகுவாகக் குறைந்தன. ஒரு கிராமத்தில் 62 சதவீதத்திலிருந்து 18-க்கு வந்தது. அங்கே செவிப்பறை ஓட்டையும் 32 சதவீதத்திலிருந்து 13-க்கு இறங்கியது. பின்னர் சீழ் வடியும் 89 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நான்கு வாரம் மட்டும் நீந்தவைத்த ஆய்வில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. என் கணிப்பில் இரண்டும் முரண்படவில்லை: பல மாதம் தினமும் குளித்து, தோலும் கையும் மூக்கும் சுத்தமாகும்போது கிடைக்கிற பலன் நான்கு வாரத்தில் கிடைத்துவிடாது.

கையும் மூக்கும் சுத்தமாக இருக்க வீட்டில் தண்ணீர் வர வேண்டுமே! ஹெல்த்ஹேபிடட் என்ற அமைப்பு ஆயிரக்கணக்கான பூர்வகுடி வீடுகளைச் சோதித்தது. முதல் சோதனையில் மூன்றில் ஒரு பங்கு வீடுகளில்தான் ஷவர் ஒழுங்காக வேலை செய்தது. குடியிருப்பவர்கள் உடைத்ததால் வந்த பழுது பத்து சதவீதத்துக்கும் குறைவு. பெரும்பகுதி, பராமரிப்புக்கு யாரும் வராததால் வந்தது. மீதி, கட்டும்போதே செய்த கோளாறு. சில வீடுகளில் பத்துப் பதினைந்து பேர், பக்கத்துப் பாயில் சளி வடியும் அக்காவும் அண்ணனும், ஒழுகும் குழாய், வீட்டுக்குள் சிகரெட் புகை: பிறந்த குழந்தையின் மூக்கில் சில வாரங்களிலேயே கிருமி சேர இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. கோளாறு குழந்தைகளின் பிறவியில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் இந்த வீட்டுக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

மூக்கிலேயே ஒரு புதிய பாதையும் தெரிகிறது. ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து மாநிலத்தில் பூர்வகுடிக் குழந்தைகளின் மூக்கை ஆராய்ந்தபோது, காதும் மூக்கும் நன்றாக இருந்த குழந்தைகளிடம் டோலோசிகிரானுலம், கோரினிபாக்டீரியம் என்ற இரண்டு பாக்டீரியாக்கள் சேர்ந்து காணப்பட்டன. இவை இருக்கும் இடத்தில் நோய்க்கிருமிகள் குறைவு. நல்ல பாக்டீரியாக்களை மூக்கில் முன்கூட்டியே குடியேற்றினால் என்ன என்ற யோசனை அங்கிருந்து வந்ததுதான். இன்னும் ஆராய்ச்சி அளவில் இருக்கிறது.

அதற்குள் செய்யக்கூடியது, சீக்கிரம் பார்ப்பது. காது நிபுணர் மாதக்கணக்கில் ஒருமுறை விமானத்தில் வந்து போகும் ஊர்களில் மூன்று மாதக் குழந்தையின் காதை யார் பார்ப்பது? வடக்கு மண்டலத்தில் 20 கிராமங்களை இலக்காக வைத்து மென்சீஸ் நடத்தும் திட்டத்தில், அந்தந்த ஊர்க்காரர்களையே சம்பளத்துக்கு எடுத்துக் காது நலப் பணியாளர்களாகப் பயிற்றுவிக்கிறார்கள். கேமரா பொருத்திய கருவியால் செவிப்பறையைப் படமெடுக்கவும், அது அசைகிறதா என்று அளக்கவும், திரி திரித்துக் காதைத் துடைக்கவும் அவர்களுக்குக் கற்றுத்தருகிறார்கள். திரையில் தெரியும் தன் குழந்தையின் செவிப்பறையைத் தாயும் பார்க்கிறாள். என்ன தெரிகிறது, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை அவளுக்கு அவளுடைய மொழியிலேயே சொல்ல ஊரில் ஓர் ஆள் இருக்கிறார்.