கனமாக இருக்கிறது என்று நம்பிப் ப்ளக்கில் செருகாதீர்கள்

பழைய சினிமா புரொஜெக்டர்களைப் பழுது பார்க்கும் என்னிடம் போன வாரம் மறுபடியும் ஒன்று வந்து சேர்ந்தது. பழைய 8 மி.மீ. புரொஜெக்டர் (8 மி.மீ. என்பது ஃபிலிமின் அகலம்), கூடவே ஒரு பிஸ்கட் டின் நிறைய ஃபிலிம். மலேசியாவில் வேலை பார்த்த தாத்தா வாங்கியது. பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளன்று அவருடைய கல்யாணப் படத்தையே போட்டுக் காட்டலாம் என்று பேரப்பிள்ளைகளுக்கு ஆசை. பரணிலிருந்து இறக்கி, துடைத்து, ப்ளக்கில் செருகி, ஃபிலிமை மாட்டிவிட்டார்கள். கொஞ்ச தூரம் ஓடியிருக்கிறது. பிறகு ஃபிலிம் நின்று, லேம்ப் சூட்டில் வெந்து, சுவரில் விழுந்த படத்தில் பழுப்பு நிறத்தில் குமிழி கிளம்பியிருக்கிறது. பதற்றத்தில் ஸ்விட்சை அணைக்காமல் ஃபிலிமைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். என் மேஜைக்கு வரும்போது ஓரத் துளைகள் வரிசையாகக் கிழிந்திருந்தன. மாலையும் கழுத்துமாக மணப்பெண் தலை நிமிர்த்தும் இடத்தில் ஓர் ஓட்டை. அந்தப் படத்துக்கு வேறு பிரதி கிடையாது.

"நல்ல வெயிட்டா இருந்துச்சு சார். அந்தக் காலத்துச் சாமான், ஒண்ணும் ஆகாதுன்னு நம்பித்தான் போட்டோம்."

என்னிடம் வருகிற ஏறக்குறைய எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்த மெஷின்களின் அழகில் மயங்குவது தப்பே இல்லை. நானும் மயங்கித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். 1922 இறுதியில் பிரான்ஸில் பாத்தே நிறுவனம் 9.5 மி.மீ. 'பாத்தே பேபி' வீட்டுப் புரொஜெக்டரைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு கோடாக் 16 மி.மீ.யையும் அதற்கான கோடாஸ்கோப் புரொஜெக்டரையும் விற்றது. 1932-இல் 8 மி.மீ., 1965-இல் அதே அகலத்தில் புது வகையான சூப்பர் 8. வீட்டுக் கூடத்தில் விருந்தாளிகள் முன்னால் வைக்கிற பொருள் என்பதால் தயாரிப்பாளர்கள் அதன் தோற்றத்துக்கு மெனக்கெட்டார்கள். சுவிட்சர்லாந்தின் பையார் நிறுவனம் இசைப்பெட்டியும் ஹெர்மெஸ் டைப்ரைட்டரும் செய்த கம்பெனி. அவர்களுடைய பொலெக்ஸ் எம்8 புரொஜெக்டரைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கைப்பழக்கம் குமிழ் திரும்புகிற விதத்தில்கூட இருக்கும். வியன்னாவின் யூமிக் நிறுவனம் செய்த பி8 புரொஜெக்டர் சின்னதாக, மூலைகள் மழுங்கி, மேஜையில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும். வார்ப்பு அலுமினிய உடம்பு, மேலே சுருக்கம் விழுந்த மாதிரியான கிரிங்கிள் பெயின்ட், பேக்கலைட் என்ற பழைய கெட்டிப் பிளாஸ்டிக்கில் குமிழ்கள், மடக்கி வைக்கும் ரீல் கைகள். இன்றைக்கு இப்படி ஒரு சாமானை யாரும் செய்வதில்லை. அதில் எனக்கும் வருத்தம்தான்.

ஆனால் நீங்கள் தட்டிப் பார்த்துவிட்டு "கெட்டி" என்று சொல்வது உடம்பை மட்டும். படத்தை ஓட்டுவது உடம்பு இல்லை.

இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். உள்ளே இருக்கும் எஃகுத் தண்டும் வார்ப்புச் சட்டமும் அறுபது வருஷம் கழித்தும் அப்படியே இருக்கும், உண்மை. அவற்றை ஒன்றோடொன்று இணைப்பவை ரப்பர், பிளாஸ்டிக், கிரீஸ், காகிதம், துணி. ரப்பர் பெல்ட் நம் ஊர் வெயிலில் இறுகி வெடிக்கும், அல்லது இளகித் தார் மாதிரி புல்லியில் ஒட்டிக்கொள்ளும். ரப்பர் சக்கரத்தின் உரசலால் ஓடுகிற மாடல்களில், கடைசியாகப் படம் பார்த்தவர் குமிழைத் திருப்பி விடுவிக்காமல் போயிருந்தால், அத்தனை வருஷமும் அந்தச் சக்கரம் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் விழுந்திருக்கும். கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருக்கும். மோட்டார் சுற்றும், ஆனால் உள்ளே ஒவ்வொரு அச்சும் முக்கிக்கொண்டுதான் நகரும். 1970-களின் 16 மி.மீ. மெஷின்கள் சிலவற்றில் எஃகுத் தண்டின் மேல் ஒரு நைலான் வார்ம் கியர், அதாவது திருகு மாதிரியான பல்சக்கரம், இருக்கும். விரல் நீளம்தான். அந்தப் பிளாஸ்டிக் வருஷக்கணக்கில் சுருங்குகிறது, எஃகு சுருங்குவதில்லை. ஒருநாள் கியர் நீளவாக்கில் விரிசல் விட்டுப் பிளந்துவிடும். மெஷினைத் தொடவே வேண்டாம், பெட்டிக்குள் இருந்தபடியே பிளக்கும். பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கிற மெஷின் அந்த ஒரு துண்டால் முடங்கிப்போகும்.

கனம் என்பது 1950-இல் அதை எப்படிச் செய்தார்கள் என்பதற்குச் சான்று. இன்றைக்கு அது எப்படி இருக்கிறது என்பதைக் கனம் சொல்லாது. தயவுசெய்து இதை மட்டுமாவது மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் மெச்சுகிற அந்த உலோக உடம்பே ஆபத்தும்கூட. பழைய மெஷின்களில் பெரும்பாலும் இரண்டு பின் ப்ளக், எர்த் கிடையாது. உள்ளே வயரின் மேலுறை துணியும் ரப்பரும். லேம்ப் சூட்டில் வெந்து, தொட்டால் உதிரும் நிலையில் இருக்கும். ஒரு கம்பி உடம்பில் பட்டால் போதும், மெஷின் முழுக்கக் கரன்ட். குழந்தைகள் சுற்றி உட்கார்ந்திருக்கும் கூடத்தில் அதை வைக்கிறீர்கள். மூன்று பின் வயர் போட்டு, உடம்புக்கு எர்த் கொடுத்து, வீட்டில் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்விட்சில் கை வைக்க வேண்டும். லேம்ப் பக்கத்து வயரில் சாம்பல் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி உறை இருந்தால் அதைச் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். சில பழைய மாடல்களில் அது ஆஸ்பெஸ்டாஸ்.

அமெரிக்க மெஷினைக் காரைக்குடியில் பழம்பொருள் கடையில் வாங்கி வந்து நேராக 230 வோல்ட்டில் செருகுகிறவர்களை என்ன சொல்வது? அடியில் உலோகத் தகட்டில் 115 அல்லது 120 என்று பொறித்தே இருக்கிறது. படியுங்கள். இரண்டு மடங்கு வோல்ட் போனால் லேம்ப் இழுக்கும் மின்சக்தி மூன்று, நான்கு மடங்கு. 750 வாட் லேம்ப் ஒரு நொடியில் போய்விடும். சாதாரணமாக ஓட்டினாலே அந்த லேம்ப்களின் ஆயுள் 25 மணி நேரம் மாதிரிதான், புதிதாகக் கிடைப்பதும் அரிது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் ஓடும். கார்பன் பிரஷ் உள்ள மோட்டாருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இனி, பளபளப்பாக்குகிறவர்கள். இவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிம் கடந்து போகிற சின்ன உலோகச் சன்னல், கேட் என்போம். அதை உற்றுப் பாருங்கள். நடுவில் மெல்லிய பள்ளம், இரு ஓரத்திலும் கண்ணாடி மாதிரி இழைத்த இரண்டு தண்டவாளம். ஃபிலிமின் ஓரம் மட்டும் அதில் பட்டு நகர, படம் இருக்கும் பகுதி எதிலும் உரசாமல் பள்ளத்தின் மேல் மிதந்து போகும். இந்த மெஷின்களில் மிக நுணுக்கமாக இழைத்த இடம் இதுதான். அங்கே எமரி தாளைப் போட்டுத் தேய்த்துக் கொண்டுவருகிறார்கள், "பளிச்னு ஆக்கிட்டேன்" என்று. கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு போதும். படம் தொடங்கி முடியும்வரை மேலிருந்து கீழாக ஒரே கோடு விழும். அந்தக் கோட்டை யாராலும் அழிக்க முடியாது. கேட்டை மென்மையான துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். ஒட்டிக்கொண்ட அழுக்கை மரக்குச்சியால் எடுங்கள். கத்தி, ஸ்க்ரூ டிரைவர், பாத்திரம் தேய்க்கும் பவுடர் எதுவும் அதன் பக்கத்தில் வரக்கூடாது. தேங்காய் எண்ணெயும் வேண்டாம், அது பிசினாகிவிடும். துருவெடுக்கும் ஸ்பிரேயை உள்ளே பீய்ச்சுவதும் வேண்டாம். பழைய அழுக்கைக் கரைத்துப் பெல்ட்டின் மேலும், வெளிச்சத்தை மறைத்துத் திறக்கும் தகடான ஷட்டரின் மேலும் வழியவிடும், அவ்வளவுதான்.

மெஷின் முழுக்கச் சரியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் ஒரே கல்யாண ஃபிலிமை அதில் மாட்டாதீர்கள். நொடிக்கு 16 படம் என்றால், ஒரு சின்னக் கொக்கி நிமிடத்துக்கு 960 முறை துளைக்குள் நுழைந்து ஃபிலிமை இழுக்கிறது. ஃபிலிம் அசிடேட் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக். வயதாக ஆகச் சுருங்கும். நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கினாலே கொக்கி துளையில் சரியாக விழாது, ஓரத்தைக் கடித்துக்கொண்டே போகும். டின்னைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை ஓட்டவே கூடாது, மற்ற ஃபிலிம்களோடு சேர்த்து வைக்கவும் கூடாது. நெடி இல்லை என்பதால் நன்றாக இருக்கிறது என்றும் முடிவு கட்டாதீர்கள். கோடாக்ரோம் கலர் ஃபிலிம் இருட்டில் வைத்தால் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் சிவப்புப் பட்டு சிவப்பாகவே நிற்கும். புரொஜெக்டர் வெளிச்சத்தில் திரும்பத் திரும்பக் காட்டினால்தான் வெளுக்கும். உங்கள் தாத்தா அதைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். நீங்கள் ஒரு விருந்துக்காக அதைச் செலவழிக்க வேண்டாமே.

கொக்கியும் பல்சக்கரமும் இல்லாமல் ரப்பர் உருளைகளில் நகர்த்தி ஸ்கேன் செய்கிற மெஷின்கள் இருக்கின்றன. முதலில் அதைச் செய்துகொள்ளுங்கள். கொடுப்பதற்கு முன்னால் "பல்சக்கரம் உண்டா, இல்லையா?" என்று கேளுங்கள். புரொஜெக்டரில் சுவரில் ஓட்டி மொபைலில் படமெடுத்துப் பென் டிரைவில் தருகிறவர்களும் ஸ்கேன் என்றுதான் சொல்கிறார்கள்.

மெஷினில் ஓடும் படத்தைப் பார்க்கும் ஆசை இருந்தால் பார்க்கலாம், நான் தடுக்கவில்லை. அந்தக் கடகட ஓசையும் சூடான லேம்ப் வாசனையும் இல்லாமல் இது நிறைவாகாது என்று எனக்கும் தெரியும். தேவையில்லாத பழைய ஃபிலிம் துண்டு ஒன்றை வாங்கி அதில் பழகுங்கள். முதலில் கரன்ட் இல்லாமல், கையால் சுற்றும் குமிழைத் திருப்பிப் பாருங்கள். எங்காவது பிடித்தால் நிறுத்திவிடுங்கள், பலம் காட்டாதீர்கள். பிறகு லேம்ப் இல்லாமல் மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். ஃபிலிமின் வகையையும் பாருங்கள். பழைய 8 மி.மீ.யில் துளை பெரியது, இரண்டு படங்களுக்கு இடையே இருக்கும். சூப்பர் 8-இல் துளை சிறியது, படத்தின் நடுப்பக்கவாட்டில் இருக்கும். ஒன்றுக்கான மெஷினில் மற்றொன்றைப் போட்டால் கிழியும். ரீலின் நடு ஓட்டை பெரிதாக இருந்தால் பெரும்பாலும் சூப்பர் 8. ஓடும்போது ஃபிலிம் நின்றுவிட்டால் முதலில் லேம்ப்பை அணையுங்கள், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

அலமாரியில் அழகுக்கு வைக்கப்போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடியில் துளை போட்டு மேஜை விளக்காக்காதீர்கள். தங்கக் கலர் ஸ்பிரே அடிக்காதீர்கள். வயரை வெட்டுவதாக இருந்தால் ப்ளக்கை மட்டும் வெட்டுங்கள். லென்ஸைக் கழற்றி, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் போட்டு வையுங்கள். சென்னைக் காற்றில் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். குமிழைத் திருப்பி ரப்பர் சக்கரத்தை விடுவித்து வையுங்கள். கழன்ற பெல்ட்டையும் ஸ்க்ரூவையும் ஒரு கவரில் போட்டு மெஷினோடு கட்டுங்கள். கடைக்காரர் கூடக் கொடுத்த பெட்டியில் ரீல் ஏதாவது கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். முன்பக்க முனையை மட்டும் ஓர் அடி பிரித்து, பூதக்கண்ணாடி வைத்து வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். யாரோ ஒரு வீட்டார் அதைத் தேடிக்கொண்டிருக்கலாம். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஊரையும் தேதியையும் குறித்துக்கொண்டு, அதை வாங்கிய கடையிலேயே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.